அணுக்கொள்கை எழுதிய திருச்சிக்காரர்: கே. சுப்பிரமணியம்

உயர்நிலை மூன்று, நான்கில் வரலாறு எடுக்கிற பிள்ளைகளிடம் அணுவாயுதம்னு சொன்னாலே 1962 கியூபா நெருக்கடிதான் வரும். கென்னடி, குருஷேவ், காஸ்ட்ரோ என்று மூன்று பெயர். அதோடு முடிஞ்சது. ஆசியாவில் இதைப் பற்றி யார் யோசித்தார்கள், யார் எழுதினார்கள், எழுதியது எப்படி ஓர் அரசின் கொள்கையாக மாறியது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இடத்தில் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு தமிழ்ப்பெயர் இருக்கிறது. தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிருஷ்ணசாமி சுப்பிரமணியம் 1929 ஜனவரி 19 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 2007 முதல் 2009 வரை சிங்கப்பூரில் இந்தியத் தூதராக இருந்து, பின்னர் இந்தியாவின் வெளியுறவு அமைச்சரான எஸ். ஜெய்சங்கரின் அப்பா. இன்னொரு மகன் சஞ்சய் சுப்பிரமணியம், தென்னிந்தியக் கடல் வணிக வரலாறு எழுதிய பேராசிரியர். வாஸ்கோட காமா பற்றிய அவருடைய நூல் பல மொழி வாசகர்கள் அறிந்தது. மகன்களின் பெயரைச் சொன்னால்தான் அப்பாவை அடையாளம் தெரிகிறது என்பது ஒரு வேடிக்கை. இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு நேர்மாறாகத்தான் இருந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் முதுகலை படித்து 1950ல் முடித்தார். 1951ல் ஐஏஎஸ். அவர் அணு விஞ்ஞானியும் அல்ல, படைத்தளபதியும் அல்ல. கோப்பு பார்த்த அதிகாரி. தற்காப்பு அமைச்சில் வேலை பார்த்த காலத்தில்தான் 1962 சீனப் போர் வந்தது. அது முடிந்து இரண்டே ஆண்டில், 1964 அக்டோபர் 16ல், சீனா லோப் நோர் பாலைவனத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தது. எல்லையில் தோற்றுப்போன நாட்டுக்குப் பக்கத்து வீட்டில் குண்டு. அப்போது டெல்லியில் இந்த விஷயத்தை முறையாகப் படித்தவர்கள் மிகச் சிலரே. சுப்பிரமணியம் 1966-67ல் ராக்கஃபெல்லர் நல்கை பெற்று லண்டன் பொருளியல் கல்லூரிக்குப் போய் உத்தி ஆய்வு படித்துவிட்டு வந்தார். 1968ல், 39 வயதில், டெல்லியிலுள்ள தற்காப்பு ஆய்வு, பகுப்பாய்வுக் கழகத்துக்கு இயக்குநரானார். ஐடிஎஸ்ஏ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லலாம். 1965 நவம்பரில் தொடங்கிய கழகம். சிங்கப்பூர் தனிநாடாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அவர் பொறுப்பேற்ற அதே 1968ல்தான் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் கையெழுத்துக்கு வந்தது. இந்த ஒப்பந்தத்தை மாணவர்கள் சரியாகப் புரிந்துகொண்டால் மீதிக் கதை எளிது. 1967 ஜனவரி 1க்கு முன்னால் குண்டு வெடித்துப் பார்த்த நாடுகள் மட்டும் அணுவாயுத நாடுகள். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய ஐந்து. மற்ற எல்லாரும் குண்டு செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கணும். பதிலுக்கு அமைதியான பயன்பாட்டுக்கு உதவி கிடைக்கும். ஐந்து நாடுகளும் ஆயுதக் குறைப்புக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும். பேச்சுக்குக் கெடு தேதி கிடையாது.

சுப்பிரமணியம் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசி வரியைத்தான். ஒரு தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் மட்டும் வாள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் தொடக்கூடாது, அந்த ஐந்து பேர் என்றைக்காவது வாளைக் கீழே வைப்பார்கள் என்று நம்பணும் என்றால் அந்தத் தெருவில் அமைதி யாருடைய தயவில் இருக்கிறது? அவருடைய வாதத்தை வகுப்பில் விளக்க நான் சொல்கிற உவமை இது. அவர் இதைவிட வறட்சியாகவும் சட்டநுட்பமாகவும் எழுதுவார். இந்தியா கையெழுத்திடவில்லை. இன்றுவரை இடவில்லை. சிங்கப்பூர் வேறு முடிவெடுத்தது. 1976ல் ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. பின்னர் 1995ல் தென்கிழக்காசியாவை அணுவாயுதமற்ற வட்டாரமாக்கும் பேங்காக் உடன்பாட்டிலும் சேர்ந்தது. சிறிய நாட்டுக்கு விதிகள்தான் கவசம். பெரிய நாடு ஒன்று விதியே ஒருதலைப்பட்சம் என்று வாதாடலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவர்களிடம் ‘யார் சரி’ என்று கேட்பதைவிட ‘யாருக்கு எது லாபம்’ என்று கேட்டால் நல்ல விடைகள் வரும்.

இங்கே ஒரு சொல்லை நிறுத்திப் பார்க்கணும். அணுக்கொள்கையில் மையமான சொல் ‘தடுப்பாற்றல்’. நீ என்னை அடித்தால் உனக்குத் தாங்கமுடியாத இழப்பு வரும், அது உனக்கே தெரியும், ஆகவே நீ அடிக்கமாட்டாய் என்பது அதன் சாரம். சுப்பிரமணியம் இதை ஏற்றார். ஆனால் அமெரிக்காவும் சோவியத்தும் செய்ததுபோல ஆயிரக்கணக்கில் குண்டு அடுக்குவதை ஏற்கவில்லை. குண்டு போரில் வெல்வதற்கான ஆயுதமே இல்லை, அது அரசியல் கருவி என்பது அவர் நிலை. அப்படியானால் எதிரியைத் தயங்க வைக்கச் சிறிய எண்ணிக்கையே போதும், முதலில் பயன்படுத்த வேண்டிய தேவையும் கிடையாது. ‘அணுகுண்டு வேண்டும்’ என்று கத்தியவர் என்று அவரைச் சுருக்கிவிடுகிறார்கள். வேண்டும் என்றவர்தான் அதற்கு வரம்பும் போட்டார்.

வரிசையாக அவருடைய நூல்கள் வந்தன. வங்காளதேசப் போர் பற்றி முகமது அயூபோடு சேர்ந்து 1972ல் ஒரு நூல். ‘அணு: கட்டுக்கதைகளும் உண்மைகளும்’ என்ற பொருளில் தலைப்பிட்ட தொகுப்பு 1981ல். ‘இந்தியாவும் அணுச் சவாலும்’ 1986ல். எல்லாம் ஆங்கிலத்தில்தான். 1974 மே 18ல் பொக்ரானில் இந்தியா ஒரு வெடிப்பு நடத்தி அதை ‘அமைதியான அணு வெடிப்பு’ என்றது. அதற்கப்புறம் 24 ஆண்டு ‘இருக்கு, ஆனா இல்ல’ என்கிற நிலைதான். அந்த இடைவெளி முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார்.

பதவி வாழ்க்கை அப்படி நேராகப் போகவில்லை. 1971 மார்ச்சில் கிழக்கு பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கிய சில நாளிலேயே, இந்தியா இந்த வாய்ப்பை விடக்கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். ஓர் அரசு ஊழியர் அப்படிப் பேசியதைப் பாகிஸ்தான் தரப்பு பல ஆண்டு எடுத்துக்காட்டிக்கொண்டே இருந்தது. 1970களின் நடுவில் தமிழ்நாட்டு உள்துறைச் செயலர். 1977 முதல் 1979 வரை கூட்டு உளவுக் குழுவின் தலைவர். பிறகு தற்காப்பு உற்பத்திச் செயலர். 1980ல் இந்திரா காந்தி மறுபடி பிரதமரானதும் அந்தப் பதவி போனது. அப்படி முதலில் நீக்கப்பட்ட செயலர் தம் அப்பாதான் என்று 2023ல் ஒரு பேட்டியில் ஜெய்சங்கர் சொன்னார். மீண்டும் ஐடிஎஸ்ஏ, 1987 வரை. ஓரங்கட்டுவதற்காக ஒருவரை நூலகம் உள்ள இடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இவர் ஓர் உதாரணம். செயலர் நாற்காலியில் இருந்திருந்தால் கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருப்பார்; இங்கே ஒரு தலைமுறை ஆய்வாளர்களை உருவாக்கினார். ஐடிஎஸ்ஏவில் ஆய்வாளராக இருந்த சி. ராஜா மோகன் பிற்பாடு சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகத்திலும், 2018 முதல் தேசியப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வுக் கழகத்திலும் பணியாற்றியது நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தெரியும்.

1984 ஆகஸ்ட் 24. டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போகும் இந்தியன் ஏர்லைன்ஸ் 421 விமானத்தை ஏழு இளைஞர்கள் கடத்தினார்கள். லாகூர், கராச்சி, கடைசியில் துபாய். டெல்லியில் நெருக்கடியைக் கையாண்ட குழுவில் இளம் அதிகாரி ஜெய்சங்கரும் இருந்தார். வீட்டுக்கு வரமுடியாது என்று சொல்ல சில மணி நேரம் கழித்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசியபோதுதான் தெரிந்தது, அப்பா அந்த விமானத்தில் இருக்கிறார் என்று. 2024ல் அவரே இதைப் பொதுமேடையில் சொன்னார். ஒரு பக்கம் அரசு அதிகாரி, இன்னொரு பக்கம் அரசுக்கு நெருக்குதல் தரும் குடும்பத்தில் ஒருவர். துபாயில் பயணிகள் பத்திரமாக விடுவிக்கப்பட்டார்கள்.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இந்த இடத்தில் ‘லாஜு’ நினைவுக்கு வரணும். 1974 ஜனவரி 31ல் புலாவ் புக்கோம் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கியவர்கள் லாஜு படகில் பிணையாளிகளைப் பிடித்து வைத்தார்கள். அந்தப் பிணையாளிகளுக்குப் பதிலாக, தாக்கியவர்களோடு குவைத்துக்கு விமானமேறிய 13 சிங்கப்பூர் அதிகாரிகளின் தலைவர் எஸ். ஆர். நாதன். அப்போது அவர் தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவின் இயக்குநர். இருவரும் 1920களில் பிறந்த தமிழர்கள், இருவரும் உளவு மதிப்பீட்டுப் பொறுப்பு வகித்தவர்கள், இருவரும் ஆய்வுக்கழகம் நடத்தியவர்கள். 1996ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு, உத்தி ஆய்வுக் கழகம் தொடங்கியபோது முதல் இயக்குநர் நாதன்தான். 2007ல் அதற்கு எஸ். ராஜரத்தினத்தின் பெயர் வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து நம் முதல் வெளியுறவு அமைச்சரானவர். வேறுபாடும் பெரிசு. நாதன் அரசுக்குள்ளேயே மெல்லப் பேசி 1999ல் அதிபரானார். சுப்பிரமணியம் பத்திரிகையில் சத்தமாக எழுதியவர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஓய்வுக்குப் பிறகும் பத்தி எழுதினார். இந்த ஒப்பீட்டை வகுப்பில் செய்து பாருங்கள், பிள்ளைகள் விறுவிறுப்பாகப் பேசுவார்கள்.

1998 மே 11, 13 தேதிகளில் இந்தியா மறுபடி பொக்ரானில் சோதனை நடத்தியது. அந்த மாதக் கடைசியில் பாகிஸ்தானும் நடத்தியது. ஜூன் 6ல் ஐநா பாதுகாப்பு மன்றம் இரண்டு நாடுகளையும் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு அமைத்த முதல் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளராக சுப்பிரமணியம் வந்தார். ஏறக்குறைய 70 வயது. 1999 ஆகஸ்ட் 17ல் குழுவின் வரைவு அணுக்கொள்கை வெளியிடப்பட்டது. முதலில் பயன்படுத்தாமை, நம்பகமான குறைந்தபட்சத் தடுப்பாற்றல், ராணுவத்திடம் அல்லாமல் மக்கள் தேர்ந்தெடுத்த தலைமையிடம் இறுதி அதிகாரம். முப்பது ஆண்டு கட்டுரைகளில் எழுதிய கருத்துகள் அரசாங்கத் தாளில் வந்து நின்றன.

சான்று ஒப்பீட்டுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல சோடி கிடைக்காது. 1999 வரைவை, அரசு 2003 ஜனவரி 4ல் அறிவித்த இறுதிக் கொள்கையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைவு, தண்டிக்கும் விதமான பதிலடி பற்றிப் பேசுகிறது. 2003ல் பதிலடி ‘மிகப் பெரியதாக’ இருக்கும் என்று மாறுகிறது. உயிரியல், ரசாயன ஆயுதங்களால் பெரிய தாக்குதல் நடந்தாலும் அணுவாயுதத்தால் பதில் தரும் உரிமை 2003ல் நுழைகிறது. முதலில் பயன்படுத்தாமை என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. எழுதியவர் போட்ட வரம்பும் ஆட்சி அதை எடுத்துக்கொண்ட விதமும் ஒன்றல்ல என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சோதனை நடந்து ஓராண்டு முடிவதற்குள் கார்கில் வந்தது. 1999 மே முதல் ஜூலை வரை நடந்த சண்டையில் இந்தியத் தரப்பில் மட்டும் 500க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். இரண்டு பக்கமும் குண்டு இருந்தால் போர் வராது என்ற வாதத்துக்கு விழுந்த முதல் அடி இது. ஜூலை 29ல் மறுஆய்வுக் குழு அமைத்தார்கள், தலைவர் சுப்பிரமணியம். லெப்டினென்ட் ஜெனரல் கே. கே. ஹசாரி, பத்திரிகையாளர் பி. ஜி. வர்கீஸ், சதீஷ் சந்திரா மற்ற மூவர். முன்னாள் பிரதமர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு பேசினார்கள். 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டு நூலாகவும் வெளியானது.

தனிநபர் யாரையும் அறிக்கை குற்றவாளியாக்கவில்லை. அதற்காகத் திட்டு வாங்கியது. ஆனால் அது சொன்ன முக்கிய விஷயம் வேறு: 1947ல் மவுண்ட்பேட்டனின் ஆலோசகர் இஸ்மே பிரபு போட்டுக்கொடுத்த பாதுகாப்பு அமைப்பு 52 ஆண்டுகளாகப் பெரிதாக மாறவே இல்லை. தகவல் துண்டு துண்டாகப் பல அலுவலகங்களில் இருந்தது, சேர்த்துப் பார்க்க ஆளில்லை. (மவுண்ட்பேட்டன் 1945 செப்டம்பர் 12ல் ஜப்பானின் சரணடைவை ஏற்றது நம் நகர மண்டபத்தில்தான், இப்போது தேசியக் கலைக்கூடமாக இருக்கும் அதே கட்டடம்.) அறிக்கையின் தொடர்ச்சியாக 2002ல் ராணுவ உளவு முகமை வந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பதவி 2020ல்தான் நிரம்பியது.

‘சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது?’ என்ற கேள்விக்குப் படிக்கும் மாணவர்கள் கார்கில் அறிக்கையின் இந்தப் பகுதியை உடனே புரிந்துகொள்வார்கள். 1941 டிசம்பர் 8ல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள், டிசம்பர் 10ல் இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின, 1942 பிப்ரவரி 15ல் எல்லாம் முடிந்தது. மலாயா வழியாக வரக்கூடும் என்ற எச்சரிக்கை முன்னமே இருந்தது, கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ல், ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் போர்க்கைதிகள் ஆயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டார்கள். இன்று லிட்டில் இந்தியாவில் முஸ்தபா கடைக்குப் போகிறவர்கள் அந்த ஃபேரர் பார்க் எம்ஆர்டியில்தான் இறங்குகிறார்கள். கார்கில் மலைக்கும் சிராங்கூன் சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், மேலிடத்தில் யாரோ சேர்த்துப் பார்க்காததற்குக் கீழே இருக்கிற சிப்பாய் விலை கொடுத்தான். அந்தச் சம்பந்தம்தான்.

அவரை விமர்சித்தவர்களையும் மாணவர்கள் படிக்கணும். பிரஃபுல் பித்வாயும் அச்சின் வனாயக்கும் 1999ல் எழுதிய நூல், குண்டு தெற்காசியாவை இன்னும் ஆபத்தான இடமாக்கிவிட்டது என்றது. அமர்த்திய சென், இந்தியாவுக்கு அது ஒழுக்கரீதியாகவும் விவேகரீதியாகவும் தவறு என்று வாதிட்டார். குண்டு பரவினால் அமைதி கூடுமா குறையுமா என்று கென்னத் வால்ட்ஸும் ஸ்காட் சேகனும் 1995லேயே ஒரே நூலில் எதிரெதிராக எழுதியிருந்தார்கள்; கார்கிலை இரு தரப்பும் தனக்குச் சாதகமாகக் காட்டுகிறது. போர் நடந்தது, பாருங்கள் என்கிறது ஒரு தரப்பு. எல்லைக்கோட்டைத் தாண்டாமல் அடங்கியது, பாருங்கள் என்கிறது மற்றது. என் கணிப்பில் கார்கிலுக்குப் பிறகு சுப்பிரமணியத்தின் பழைய தர்க்கம் அப்படியே நிற்கவில்லை. குண்டு பெரிய போரைத் தடுத்திருக்கலாம். அதன் நிழலில் சின்னப் போருக்குத் துணிச்சல் வந்தது என்பதையும் மறுக்கமுடியாது. தம் கோட்பாட்டைச் சோதித்த போரையே விசாரிக்கும் வேலை அவருக்கு வந்தது, அதைக் கோப்போடும் கேள்வியோடும் செய்தார் என்பதற்கு மதிப்பெண் கொடுக்கலாம்.

சான்று பற்றி ஒரு குறிப்பு. 1998ல் ஐடிஎஸ்ஏ வெளியிட்ட தொகுப்பில் 1964 முதல் 1998 வரையிலான இந்திய அணுக்கொள்கை பற்றி, சொந்த நினைவுகள் என்று சொல்லியே ஒரு கட்டுரை எழுதினார். ஆயுதமாக்கும் முடிவு ராஜீவ் காந்தி காலத்திலேயே எடுக்கப்பட்டது என்று வெளியுலகம் பேசத் தொடங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. உள்ளே இருந்தவரின் சாட்சி, ஆகவே விலைமதிப்பில்லாதது. உள்ளே இருந்தவரின் சாட்சி, ஆகவே தம் தரப்பை நியாயப்படுத்தும் வாய்ப்பும் உண்டு. நம்பகத்தன்மை கேள்வியில் இரண்டு வரியும் எழுதணும். பிள்ளைகள் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

1999ல் பத்மபூஷண் அறிவித்தார்கள். வேண்டாம் என்றார். அரசு ஊழியரும் பத்திரிகையாளரும் அரசு விருது வாங்கக்கூடாது, சலுகைக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம் என்பது காரணம். அவர் இரண்டுமாக இருந்தவர்.

2005 ஜூலை 18ல் மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் அணுசக்தி உடன்பாட்டை அறிவித்தபோது, வாழ்நாள் முழுக்க ஒப்பந்தத்தை எதிர்த்தவர் இதை ஆதரித்துப் பத்தி பத்தியாக எழுதினார். இடதுசாரிகளும் பழைய சகாக்கள் சிலரும் அதிர்ந்தார்கள். மாறிவிட்டார் என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வாசலில் நிறுத்தி வைத்ததைத்தான் அவர் எதிர்த்தார். 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்கு தந்தபோது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே வாசல் திறந்தது. அந்த உடன்பாட்டுப் பேச்சுகளில் பங்கெடுத்த அதிகாரிகளில் ஒருவர் ஜெய்சங்கர். விலக்கு கிடைத்த அந்த மாதத்தில் அவர் சிங்கப்பூரில் தூதர்.

2005ல் மன்மோகன் சிங் அவரை இன்னொரு குழுவுக்கும் தலைவராக்கினார், உலக உத்திச் சூழல் எப்படி மாறப்போகிறது என்று ஆராய. அறிக்கை கொடுத்தார்; அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. 2011 பிப்ரவரி 2 அன்று டெல்லியில், 82வது வயதில் காலமானார்.